ஈயமூக்குத் தோட்டா

மைசூர்
20-2-1955

தம்பி பெள்ளியப்பாவுக்கு,

அக்கா முத்தவ்வா எழுதுகிறேன். நான் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அவ்வாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எண்ணெய் தேய்க்கக் கூப்பிட்டால் மிளகுக் கொடியைப் பார்க்கப் போகிறேன் என்று தோட்டத்துக்குள் ஓடிவிடுவாள். நீதான் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

கருமாதி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து இந்த வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. உன் பாவாவின் செருப்பு வாசலில் கழற்றிய இடத்திலேயே இருக்கிறது. மகன் கழற்றிப் போட்டதை எடுக்க மாமியார் விடவில்லை. என் கையால் சாப்பிடவும் மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் தட்டில் போட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் இறங்குகிறது. வந்த அன்றே முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: "தோட்டா வாங்கினது நீதானே?"

நான்தான் வாங்கினேன். அவருக்கு ஆபீசில் லீவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது, அதனால் லைசென்சை எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்கு நான் போனேன். கடைக்காரர் ஈயமூக்கு ஒரு பெட்டி, கெட்டி ஒரு பெட்டி என்று மேஜையில் வைத்தார். இரண்டிலும் பாதிப் பாதி வாங்கி வா என்றுதான் உன் பாவா சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஈயமூக்கு மட்டும் வாங்கிவந்து, அதற்காக அவரோடு ஒரு பாட்டம் சண்டையும் போட்டேன். "கெட்டித் தோட்டா காட்டெருமைக்கு. அதுக்குத் தோலும் எலும்பும் தடிமன், உள்ளே துளைச்சுப் போகணும். புலிக்கு அதைப் போட்டா இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். அவ அந்த ஓட்டையோடயே உங்க மேல வந்து விழுவா. ஈயமூக்குன்னா உள்ளே போய் விரிஞ்சு அங்கேயே நிக்கும்" என்றேன். "சரி தாயே, நீயே வந்து சுடு" என்று சிரித்தார்.

கருமாதியன்று நாணய்யா மாமா முற்றத்தில் எல்லோர் நடுவிலும் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "பொம்பளை பொறுக்கின தோட்டா. தோள் எலும்புல பட்டு மாவாச் செதறியிருக்கும். புலிக்கு எறும்பு கடிச்ச மாதிரி. ஏதோ பெள்ளி கையில கெட்டித் தோட்டா இருந்ததால அவனாவது கொன்னான்."

பெள்ளி, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவர் சுட்ட குண்டு புலிக்குள் எங்கே போய் நின்றது? உரிக்கும்போது நீ அங்கே இருந்தாயே. எலும்பில் பட்டுச் சிதறியிருந்தால் சிதறியது என்றே எழுது. அவரை நான்தான் கொன்றேன் என்றால் அதையும் தெரிந்துகொண்டு இருந்துவிடுகிறேன். தெரியாமல் இருக்க முடியவில்லை.

அவ்வாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அக்கா
முத்தவ்வா


கொட்டேரி
5-3-1955

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தை நாளில் உன் கடிதம் கைக்கு வந்தது. அவ்வாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் வடியவில்லை. விடிந்ததிலிருந்து பெற்ற பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், ஆகவே நலம் என்று வைத்துக்கொள். காப்பி பறித்து முடிந்தது. பூ விரிய ஒரு மழைக்காகக் காத்திருக்கிறோம்.

நாணய்யா மாமாவின் வாய்க்கு லைசென்ஸ் கிடையாது, அதையெல்லாம் மனசில் வைக்காதே. என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். ஓடைச் சரிவில் பாவாதான் முதலில் சுட்டார். பெண்புலி ஒரு உறுமல் உறுமிவிட்டு மூங்கில் புதருக்குள் மறைந்தது. கொஞ்சம் பொறுக்கலாம் பாவா என்றேன். "வெளிச்சம் போயிடும்டா மச்சான், எழுந்திரு" என்று முன்னால் நடந்தார். புதரை நெருங்கியதும் அவள் வந்தாள். நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் பாவா கீழே கிடந்தார், அவள் அவர் தொடையைக் கவ்வியிருந்தாள். நாலு எட்டில் நின்று சுட்டேன். உருண்டு விழுந்தாள், அப்புறம் அசையவில்லை.

உரிக்கும்போது யாரும் குண்டைத் தேடவில்லை. அவசர அவசரமாக உரித்து, உப்புத் தடவி, மண்டையோடு சேர்த்து மைசூருக்கு லாரியில் ஏற்றினோம். உரித்த உடலைப் புதைத்தாயிற்று. தோல் பதனிடுபவர் ஏதாவது கண்டால் எழுதுவார்.

புலி மங்கலம் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாய். பாவா மடிக்கேரி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எனக்குக் கறுப்பு அங்கியும் சிவப்புக் கச்சையும் கட்டி, செத்த புலியை மூங்கிலில் கட்டி நிறுத்தி, பந்தலில் அதன் பக்கத்தில் மாப்பிள்ளையாக உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். "பாவா எழுந்து வர்ற வரைக்கும் புலி நாறாம இருக்குமாடா? கொன்னவன் அவளைக் கட்டிக்கலேன்னா அவ விடமாட்டா" என்றார் மாமா. ஊரே வரிசையில் வந்து என் தோளிலும் முழங்காலிலும் அரிசி போட்டு, கிண்டியில் பால் ஊட்டிவிட்டுப் போனது. எனக்கு நிச்சயம் செய்திருக்கும் தேச்சம்மாவும் வந்தாள். அரிசி போடும்போது என் காதருகே, "மூத்தாளைக் கட்டியாச்சு, இளையாளுக்கு எப்போ தேதி?" என்றாள். நான் சிரித்தேன் அக்கா. பாவா பிழைத்துவிடுவார் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்தோம்.

கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி
பெள்ளி


மைசூர்
24-3-1955

பெள்ளிக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது. மாமியாருக்கு இருமல். நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், தொடவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கி நினைவு வரும்போதெல்லாம் அவர் ஒன்றுதான் கேட்டார்: "விழுந்தாளா?" விழுந்துட்டா, பெள்ளி சுட்டுட்டான் என்பேன். "பெள்ளியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அதேதான். அந்த முகம் திரும்புவது எனக்கு இப்போதும் தெரிகிறது. அடுப்படியில் நிற்கிறேன், சுவர்ப் பக்கமாக யாரோ திரும்பிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. நேற்று மத்தியானம் ஈரப் புலியின் வாடை அடித்தது. வெளியே போய்ப் பார்த்தால் வெயிலில் கொடித் துணி காய்கிறது, வேறொன்றும் இல்லை.

தோல் பதனிடும் கொட்டகை இங்கிருந்து நடக்கும் தூரம்தான், ஏரிக்கு அந்தண்டை. நானே போய்க் குண்டு கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வரட்டுமா?

நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

முத்தக்கா


கொட்டேரி
19-4-1955

அக்காவுக்கு,

நலம். அவ்வாவும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, பூ மழை பெய்ததில் வேலை அதிகம்.

தோல் கொட்டகைக்கு நீ போக வேண்டாம். அது பெண்கள் போகிற இடமில்லை, நாற்றம் தாங்காது. தோலை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பாவாவின் தொடையில் இருந்த காயம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததா, இரண்டு பக்கமும் இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

பெள்ளி


மைசூர்
27-4-1955

பெள்ளிக்கு,

பூ மழை பெய்தது என்று படித்ததும் நம் தோட்டம் முழுக்க வெள்ளையாக நிற்பது கண்ணில் வந்தது. சந்தோஷம்.

நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? ஆட்டைக் கேட்டால் மாட்டைக் காட்டுகிறாய். காயம் இரண்டு பக்கமும்தான் இருந்தது, தொடைக்கு முன்னாலும் பின்னாலும். தினமும் மருந்துத் தண்ணீரில் கழுவினவள் நான், எனக்குத் தெரியாதா? இதை எதற்குக் கேட்கிறாய்? அந்தக் காயத்தை நினைக்க வேண்டாம் என்று எவ்வளவு பாடுபடுகிறேன் தெரியுமா?

தேச்சம்மாவுக்குப் பட்டுப் புடவை இங்கேயே எடுத்துவிடலாம். என்ன நிறம் பிடிக்கும் என்று விசாரித்து எழுது. குண்டைப் பற்றி ஏதாவது தெரிந்தால் மறக்காமல் எழுது.

முத்தக்கா


மைசூர்
12-7-1955

பெள்ளி,

ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் இரண்டு கடிதம் போட்டேன். மழையில் தபால் நின்றிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் பல் பிடுங்க நாணய்யா மாமா மைசூர் வந்தார். பல் இல்லாமலேயே அந்த மனுஷன் அத்தனை பேசினார்.

"உன் தம்பி நல்லா இல்லம்மா. கொட்டற மழையில கத்தியை எடுத்துக்கிட்டு ஓடைச் சரிவுக்குப் போறான். அங்க நிக்கிற மரத்துப் பட்டையெல்லாம் உரிக்கிறான். சாயங்காலம் கால் முழுக்க அட்டைப்பூச்சியோட ரத்தம் ஒழுக வர்றான். என்னடா தேடறேன்னா கத்தியைத் துடைக்கப் போயிடறான். தேச்சம்மா வீட்டுக்குப் போய், எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டான். அந்தப் பொண்ணு அழுத அழுகை! எல்லாம் அவ வேலைதான். கட்டின புருஷனைப் புலி கூப்பிடுது."

போய்ப் பல்லைக் கட்டுங்க மாமா என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் போன பிறகு உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். எனக்கு இருப்பது நீ ஒருத்தன். புருஷனைத் தின்றவள் தம்பியையும் கேட்கிறாளா? என்ன தேடுகிறாய் அங்கே? ஒரு தபால் அட்டையாவது எழுது, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

முத்தக்கா


கொட்டேரி
3-8-1955

அக்காவுக்கு,

இருக்கிறேன். அவ்வாவும் இருக்கிறாள். மழை விடவில்லை.

மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் என்னைக் கூப்பிடுவது புலி இல்லை. அவள் வந்தால்கூடத் தேவலை. மத்தியானத்தில் மழை கொஞ்சம் ஓயும்போது முற்றத்தில் கால் இழுபடும் சத்தம் கேட்கிறது. ஒரு கால் நன்றாக ஊன்றுகிறது, ஒரு கால் இழுபடுகிறது. அவ்வாவுக்கும் கேட்டது. பாவா பேரைச் சொல்லி, "செங்கப்பா மாதிரி இருக்கு, உள்ளே கூப்பிடு" என்றாள். போய்ப் பார்த்தேன், தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓடை வளைவில் நேராகவே பார்த்தேன். பாவா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொடையைக் கையால் பொத்தியிருந்தார்.

கயில்பொழுது பண்டிகை வருகிறது. எல்லா வீட்டிலும் துப்பாக்கிகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பூ வைப்பார்கள். என் துப்பாக்கியை நான் எடுக்கப் போவதில்லை. இனி அதை நான் தொடமாட்டேன்.

குண்டைப் பற்றி என்னைக் கேட்காதே அக்கா. உன் காலில் விழுகிறேன், கேட்காதே.

பெள்ளி


மைசூர்
15-9-1955

பெள்ளியப்பாவுக்கு,

உன் நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. அவ்வா நலமாக இருக்கட்டும்.

நேற்று தோல் கொட்டகைக்குப் போனேன். நீ சொன்னபடி நாற்றம்தான். அதனால் என்ன, ஆஸ்பத்திரியில் உன் பாவாவின் காலில் வராத நாற்றமா? அங்கே கிழவர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷர். "கொட்டேரி புலியா? தயாராகி எவ்வளவோ நாளாச்சே. வந்து எடுத்துக்கறேன்னு உங்க தம்பி எழுதினார், வரவே இல்லையேம்மா" என்று தோலை விரித்துப் போட்டார். அவளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பெரியவள்தான்.

தோலில் ஓட்டை இருக்கா என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு" என்று காட்டினார். வலது விலாவில், முன்னங்காலுக்குப் பின்னால். வேறு இருக்கா என்றேன். "தலையிலேர்ந்து வால் வரைக்கும் நானே தடவிப் பார்த்திருக்கேன். இது ஒண்ணுதான். குண்டு அந்தப் பக்கம் இடது தோளடியில, தோலுக்குக் கீழே ஒட்டிக்கிட்டிருந்தது. நெஞ்சைக் குறுக்கே கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கு. அதுக்கப்புறம் அவ ஓடினதெல்லாம் கடைசி மூச்சு. தானாவே விழுந்திருப்பா." எந்தக் குண்டு என்று கேட்டேன். "ஈயமூக்கு. நல்லா காளான் மாதிரி விரிஞ்சிருந்தது. ஏப்ரல் மாசமே சீட்டு எழுதி, அந்தக் குண்டையும் வெச்சு உங்க தம்பிக்கு அனுப்பிட்டோமே."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கிழவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஓட்டைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். என் தோட்டா சிதறவில்லை. அவர் கை தவறவில்லை. அவர் படுக்கையில் கிடந்து "பெள்ளியா?" என்று கேட்டாரே, அதற்கு நான் இல்லை, நீங்கதான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அந்த மனுஷனை அனுப்பிவிட்டேன்.

ஏப்ரலிலிருந்து அந்தக் குண்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாய். இங்கே மாமியார் என் கையால் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். நீ காப்பிப் பூவைப் பற்றி எழுதினாய். புலி மாப்பிள்ளை என்ற பட்டம் உனக்கு அவ்வளவு இனிக்கிறதா? செத்தவனின் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாய், வெட்கமாக இல்லையா உனக்கு?

முத்தவ்வா


கொட்டேரி
24-9-1955

அக்காவுக்கு,

திட்டு. இன்னும் திட்டு. நீ நலமாக இருக்க வேண்டும், அதை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

பட்டம் இனிக்கவில்லை அக்கா. கிழவரின் சீட்டு வந்த அன்றே ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது இன்னொன்று தோன்றியது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தோலில் ஒரே ஓட்டை என்றால் என் குண்டு அவள் மேல் படவில்லை. நாலு எட்டில் நின்று தவறவிட்டிருக்கிறேன். அப்படியானால் அது எங்கே போனது? அவளுக்கு அடியில் இருந்தவர் ஒருவர்தான்.

என் துப்பாக்கியில் இருந்தது கெட்டித் தோட்டா. முந்தின நாள் காட்டெருமைக்காகப் போட்டது, மாற்றச் சோம்பல். கெட்டித் தோட்டா சதைக்குள் விரியாது. பென்சில் பருமனில் நுழையும், அதே பருமனில் மறுபக்கம் போய்விடும். பார்க்கிறவருக்குப் பல் பட்ட காயம் மாதிரியே இருக்கும். டாக்டருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். உடம்பை எரித்தாயிற்று, இனி யாரைக் கேட்பது? உன்னைக் கேட்டேன். ஒரு பக்கம்தான் என்று நீ எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். இரண்டு பக்கமும் என்று எழுதினாய்.

அதற்குப் பிறகுதான் மரங்களில் தேடினேன். ஏதாவது ஒரு மரத்தில் என் குண்டு இருந்துவிட்டால் பாவா மேல் படவில்லை என்று ஆகிவிடும். அவர் கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு மரத்தை விடவில்லை, மண்ணையும் தோண்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

உன் புருஷனைக் கொன்றது உன் தோட்டா இல்லை. என் தோட்டா. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் இருந்தேன். கொலைகாரனுக்குத் தேச்சம்மா எதற்கு? நீ போலீசுக்கு எழுதினாலும் சரி.

பெள்ளி


மைசூர்
28-9-1955

அட மடையா,

நாலு ஓட்டைடா. நாலு! தொடைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இரண்டு பக்கமும் என்றுதானே கேட்டாய், இரண்டு பக்கமும் என்று எழுதினேன். எத்தனை என்று கேட்கத் தெரியாதா உனக்கு? ஒரே குண்டு நாலு ஓட்டை போடுமா? உன் துப்பாக்கிக்கு என்ன, மேல்வாயும் கீழ்வாயும் இருக்கிறதா?

முன்னால் இருந்த இரண்டுக்கும் நடுவில் என் மூன்று விரல் சரியாக அடங்கும். தினமும் அப்படி விரலை வைத்துத்தான் துணியை மடித்துக் கட்டுவேன். உன் கடிதம் வந்ததும் அடுப்பில் பாலை வைத்தது வைத்தபடி கொட்டகைக்கு ஓடினேன். மண்டையோட்டைக் கொடுங்க தாத்தா என்று வாங்கி, மேல்வாய்க் கோரைப்பற்களுக்கு நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். அதே மூன்று விரல். கிழவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அந்தக் காலில் வேறு ஒரு ஓட்டையும் இல்லை. உடம்பில் எங்கும் இல்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டியது நான். உன் குண்டு மண்ணுக்குள்ளோ மூங்கிலுக்குள்ளோ எங்கேயாவது கிடந்துவிட்டுப் போகட்டும். அவர் மேல் படவில்லை. கேட்கிறதா? படவில்லை.

போலீசுக்கு எழுது என்கிறாயே, உன்னை என்ன செய்தால் தேவலை! ஆறு மாதமாகத் தனியாக இதைச் சுமந்துகொண்டு கொட்டும் மழையில் மரப்பட்டை உரித்திருக்கிறாய். நானும் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். என் தங்கம், இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஒரு வயிறு சாப்பிடு. கடம்புட்டு செய்து தரச் சொல் அவ்வாவிடம். அப்புறம் தூங்கு. எழுந்ததும் தேச்சம்மா வீட்டுக்குப் போ.

உன் அக்கா


கொட்டேரி
20-10-1955

அன்புள்ள அக்காவுக்கு,

அவ்வா நலம், நானும் நலம். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டேன். கோழிகள்தான் கிளறிக்கொண்டிருந்தன. "செங்கப்பா போயிட்டானா?" என்று அவ்வா கேட்டாள். போயிட்டார் என்றேன். அதைச் சொன்னபோதுதான் அவருக்காக எனக்கு அழுகை வந்தது. அதுவரை நான் அவருக்காக அழவே இல்லை அக்கா, பயந்துகொண்டு மட்டும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டிச் சொன்னேன். குண்டு கை மாறிக் கை மாறிப் போனது. நாணய்யா மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நாம யாருக்குடா கல்யாணம் பண்ணி வெச்சோம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முத்தவ்வாவைப் பத்தி நான் சொன்னது தப்பு, எழுதிடு என்றார். பாவா பெயருக்கு மங்கலம் செய்யலாமா என்று கேட்டேன். செத்தவன் மடியில் அரிசி போடும் வழக்கம் இல்லை என்று பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் இனி யாரும் என்னைப் புலி மாப்பிள்ளை என்று கூப்பிட மாட்டார்கள்.

தேச்சம்மா கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள். "அப்போ எனக்குச் சக்களத்தி இல்லை. தேதி குறிங்க" என்றாள். பச்சைப் புடவை பிடிக்குமாம்.

குண்டை இத்துடன் அனுப்புகிறேன். தோலை நீ எடுத்துக்கொள். அது இங்கே வரக்கூடாது.

உன் தம்பி
பெள்ளி


மைசூர்
11-12-1955

பெள்ளிக்கு,

புதுநெல் எடுத்திருப்பீர்கள். வீடும் தோட்டமும் நிறைந்திருக்கட்டும். பச்சைப் புடவை எடுத்தாயிற்று, ஜரிகை கொஞ்சம் அதிகம், கட்டிக்கொள்ளட்டும்.

குதிரை வண்டியில் தோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குதிரை வாடை பிடித்துக்கொண்டு வழியெல்லாம் முரண்டு செய்தது. கூடத்தில் விரித்ததும் மாமியார் எழுந்து வந்தார். வெகுநேரம் நின்று பார்த்தார். "எந்த இடம்?" என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த ஓட்டையில் வைத்தேன். நீ அனுப்பிய குண்டையும் உள்ளங்கையில் கொடுத்தேன். விரித்த கையை மூடிக்கொண்டு, "நல்ல இடத்துலதான் சுட்டிருக்கான்" என்றார். பிறகு, "நல்ல தோட்டாதான் வாங்கியிருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நேற்று எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துத் தோலின் தலைமாட்டில் வைத்தேன். கறுப்பு அங்கியும் கச்சையும் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்தப் படம். ஒரு தட்டில் அரிசி, கிண்டியில் பால். ஊர் செய்யாவிட்டால் போகட்டும், நான் செய்துவிடுகிறேன் என்று எடுத்துவைத்துவிட்டேன். அரிசியைக் கையில் அள்ளியதும் பயம் வந்துவிட்டது. "அத்தே, தாலி அறுத்தவ நான். மங்கலத்துக்கு நான் அரிசி போடலாமா?" என்று கேட்டேன்.

"வேற யாரு போடுவா? மூத்தவ நீதானே" என்றார் மாமியார்.

போட்டேன். அவர் படத்தின் மேல் போட்டேன், அவள் மேலும் போட்டேன். அவரைக் கொன்றவள், அவர் கையால் செத்தவள். இருந்தாலும் முறையாக வந்துவிட்டாள், இனி எங்கே துரத்துவது? வாசலில் கிடந்த செருப்பை மாமியாரே எடுத்துக் கழுவி உள்ளே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பசிக்குது, சோறு போடு" என்றார். அவளையும் சேர்த்து மூன்று பேருமாகக் கூடத்தில் உட்கார்ந்தோம், நாங்கள் இரண்டு பேர் சாப்பிட்டோம்.

முத்தக்கா